முறைக்காரன் கேட்ட மன்னிப்பு

ஆட்சி கவிழ்ந்த அன்று காலை என் நிலக்கடலைக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. ராணுவ முகாம் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டதும் தெருவில் போனவர்கள் எல்லாம் என் சாப்பாட்டுக் கொட்டகைக்குள் ஓடிவந்து வானொலியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நானும் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். செய்தி வரவில்லை. பட்டாள வாத்தியம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் தலைநகர் வாகடூகுவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த வாத்தியம் எதற்கென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"மறுபடியுமா?" என்றார் டயர்க் கடைக்காரர்.

"போன தடவ மட்டும் உங்கிட்ட கேட்டுட்டா வந்தாங்க?" என்றேன். எரிச்சல் அவர்மேல் இல்லை. எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் வெளியே ஓடுவேன், அது மறைந்ததும் உள்ளே வருவேன், கைப்பேசியைத் திறந்து பார்ப்பேன், அதில் எதுவும் வராது, மூடுவேன். இந்த நடமாட்டத்தில்தான் குழம்பு கருகியது.

அந்தக் களேபரத்திலும் காலைச் சாப்பாட்டுக்கு நேரம் தவறாமல் வந்தவன் பசோலே ஒருவன்தான்.

"என்னடி கடலைக்காரி, தீஞ்ச வாசனை பள்ளிக்கூடம் வரைக்கும் வருது. நாட்டக் கவுத்தது போதாதுன்னு சட்டியையும் கவுத்துட்டியா?"

"வாடா அடிமப் பயலே. இன்னைக்கு எங்கயும் நாய்த்தல கிடைக்கலியா, என் வாசலுக்கு வந்துட்ட?"

வெளியே சுட்டுக்கொண்டிருந்தார்கள், உள்ளே அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் பிசா இனத்துக்காரி, அவன் குருன்சி. இரண்டு இனத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி முறை, ஒருவரை ஒருவர் அடிமை என்று திட்டிக்கொள்வது வழக்கம். ஒரு பிடி கடலைக்காகப் பிசா கூரையிலிருந்து குதிப்பான் என்பார்கள் அவர்கள். நாய்த்தலை கிடைத்தால் குருன்சி மாமியாரை விற்றுவிடுவான் என்போம் நாங்கள். என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. பசோலே எங்கள் பேட்டைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், ஐம்பதைத் தாண்டியவன். மற்றவர்கள் எல்லாம் அவனை "சார்" என்பார்கள். நான் மட்டும் "டேய்" என்பேன். அவனும் என்னைத் திட்டாமல் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

என் கணவர் இறந்த அன்று இவன்தான் அவருடைய தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, அவரைப் போலவே காலைத் தேய்த்துத் தேய்த்து முற்றம் முழுக்க நடந்தான். பிறகு குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, "இந்தக் கஞ்சன் எனக்கு ஒரு மூட்ட கடல தர்றேன்னான். அது வராம பொதைக்க விடமாட்டேன்" என்று அடம்பிடித்தான். சாவு வீட்டில் கேலி முறைக்காரர்கள் செய்ய வேண்டிய வேலை அது. அழுது அழுது மூச்சு முட்டிக் கிடந்த நான் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன். அந்தச் சிரிப்பு வந்திராவிட்டால் அன்றைக்கே நானும் அவர் பின்னால் போயிருப்பேன்.

மதியம் தொலைக்காட்சியில் சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த கர்னலின் பெயரைப் படித்ததும் கொட்டகையில் ஒரே கூச்சல். பெயரே சொன்னது, அவர் எங்கள் ஆள், பிசா.

நான் கை தட்டினேன். ஏன் தட்டக் கூடாது? எல்லைப் பக்கத்து ஊரில் என் தங்கை ரசினாவின் வீட்டை ஆயுதக் கும்பல் எரித்திருந்தது. அவளும் அவள் புருஷன் இத்ரிசாவும் பிள்ளைகளும் என் வீட்டில் தானியம் அடுக்கும் அறையில்தான் படுத்தார்கள். ஓட்டு வாங்கி வந்த அதிபர் அகதி முகாமுக்கு ஒரு தடவை வந்தார், அரிசி மூட்டையில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார், போனார். அவர் போனதற்கு நான் அழ வேண்டுமா?

பசோலே கை தட்டவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்கு அவன்தான் பொறுப்பு. விரலில் வைத்த மை அழியும்வரை அதைப் பார்த்துப் பார்த்துப் பூரிக்கிற ஆள்.

"சந்தோஷமா?" என்றான்.

"சந்தோஷந்தான். உன் மை வச்ச விரலு என் தங்கச்சி வீட்டக் காப்பாத்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்னடா?"

"அந்த ஆளு கையாலாகாதவன்னு தெரிஞ்சா அடுத்த தேர்தல்ல வீட்டுக்கு அனுப்பலாம். இவனும் கையாலாகாதவன்னு தெரிஞ்சா எப்படி அனுப்புவ?"

"அதுக்கு இன்னொரு கர்னல் வருவாரு சார்," என்றார் டயர்க் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். பதில் தெரியாவிட்டால் திட்டத்தான் முறை இருக்கிறதே, நன்றாகத் திட்டி அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு அடுப்படியிலேயே தங்கிவிட்டது. களி கிண்டும்போதெல்லாம் மனதுக்குள் அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்துக் கர்னல் அதிபரின் நாற்காலியில் உட்கார்ந்து முதல் உரை ஆற்றினார். பெரிய நாற்காலி. பேசும்போது அடிக்கடி குனிந்து கீழே பார்த்தார், காகிதம் மடியில் இருந்திருக்கும். பசோலே களியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"ஏ கடலைக்காரி, உங்க ஆளு எதுக்குக் கீழயே பாக்கறான் தெரியுமா? அந்த நாற்காலிக்கு அடியில ஒரு பிடி கடல கிடக்குதுன்னு எவனோ சொல்லியிருக்கான். அதுக்குத்தான்டி இத்தன துப்பாக்கியும் பீரங்கியும். கடலையத் தின்னு முடிச்சதும் அவனே எந்திரிச்சுப் போயிடுவான், பயப்படாத!"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. இத்ரிசாகூடச் சிரித்தான். யாரோ ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். யாரென்று நான் கவனிக்கவில்லை. எதற்குக் கவனிக்க வேண்டும்? பழைய அதிபரை அந்தக் கொட்டகையில் இதைவிட எவ்வளவோ பேசியிருக்கிறோம்.

அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. இரண்டாம் நாள் எண்பலகை இல்லாத வண்டியில் வந்து, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பசோலேயைக் கூட்டிப் போய்விட்டார்கள்.

அவன் மனைவி பெலாஜி செருப்புகூடப் போடாமல் என்னிடம் ஓடிவந்தாள்.

"அக்கா, நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. கர்னல் உங்க ஆளு. இது முறைக் கேலின்னு ஒரு பிசா வாயால சொன்னா விட்டுருவாங்க அக்கா."

"போகாதீங்க அக்கா," என்றான் இத்ரிசா. எல்லைக்குப் போகிற தொண்டர் படையில் அவன் சேர்ந்திருந்தான். பயிற்சி தொடங்கவில்லை, அதற்குள்ளேயே நிமிர்ந்து நடக்கப் பழகிவிட்டான். தலையில் அவன் எப்போதும் போடுகிற சிவப்புக் கம்பளித் தொப்பி. "நாடு போர்ல இருக்கு. இந்த நேரத்துல வாத்தியாருக்குக் கேலி என்ன வேண்டிக் கிடக்கு?"

"நீ சிரிச்சியா இல்லியா?"

"சிரிச்சேன்."

"அப்ப வாய மூடு தம்பி."

எனக்குப் பயமே இல்லை, அதுதான் வேடிக்கை. எங்கள் ஊரில் எந்தச் சண்டையிலும் முறைக்காரர் நடுவில் புகுந்து கேட்டால் மறுப்பதில்லை. காவல் நிலையத்தில் பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன், விவாகரத்துக்குப் போன இடத்தில்கூடப் பார்த்திருக்கிறேன். பட்டாளத்தில் மட்டும் செல்லாமல் போகுமா? அடுப்பை அணைத்துவிட்டு, நல்ல துணி கட்டிக்கொண்டு பெலாஜியோடு ராணுவ முகாமுக்குக் கிளம்பினேன்.

வாசலில் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். மறுநாளும் அதே பெஞ்சுதான். உட்காரவும் முடியவில்லை, எழுந்து நடந்தால் காவலுக்கு நின்ற சிப்பாய் துப்பாக்கியை ஆட்டி உட்காரச் சொன்னான். பெலாஜி ஜெபமாலையை உருட்டியபடியே இருந்தாள். உள்ளே ஒவ்வொரு கதவு சாத்தப்படும்போதும் அவள் கை நின்று நின்று நகர்ந்தது. கடைசியில் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

அங்கிருந்த கேப்டனுக்கு என் மகன் வயது இருக்கும். மரியாதையான பையன். நாற்காலி போடச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது.

"நீங்க அவருக்கு என்ன வேணும்மா?"

"எஜமானி. அவன் என் அடிம. அவன அடிக்கறதுக்கும் பட்டினி போடறதுக்கும் எனக்குத்தான் பாத்தியம். என்னக் கேக்காம நீங்க எப்படித் தூக்கிட்டு வரலாம்?"

இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்கிறவர் சிரிப்பார், சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பக்கத்து மேசையில் தட்டச்சு செய்தவர் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார். கேப்டன் சிரிக்கவில்லை.

"முறை எனக்கும் தெரியும்மா. நானும் இந்த ஊர்ல பிறந்தவன்தான்."

"அப்புறம் என்ன ராசா? கர்னல் பிசா, இவன் குருன்சி. கடலத் திருடன்னு சொல்லலேன்னாத்தான் குத்தம்."

"கர்னலாயிருந்த வரைக்கும் அவர் பிசா. இப்ப அரசத் தலைவர். அரசத் தலைவருக்கு இனம் கிடையாது. முறைக்காரங்களும் கிடையாது."

"முறைக்காரன் இல்லாத மனுசன் உண்டா? நாளைக்கு அவரு வீட்ல ஒரு சாவு விழுந்தா யாரு வந்து சிரிக்க வைப்பா?"

கேப்டன் பேனாவை மூடினார். "எங்கப்பா செத்தப்ப முறைக்காரங்க பாடையத் தூக்கிட்டு சந்தைக்கு ஓடிட்டாங்க. விலை பேசி மீட்டுட்டு வந்தோம்," என்றார். ஒரு கணம் அந்த முகத்தில் ஒரு சின்னப் பையன் தெரிந்தான். உடனே போய்விட்டான்.

"நாளைக்கு வடக்க எல்லைச் சண்டைக்கு ஒரு வண்டி போகுதும்மா. நல்லாப் பேசத் தெரிஞ்சவங்க சில பேர அதுல ஏத்தறாங்க. அங்க போய்த் துப்பாக்கி பிடிச்சுட்டுப் பேசட்டும்னு மேலிடத்து உத்தரவு. வாத்தியாரையும் ஏத்தச் சொல்லியிருக்காங்க. ஏத்தாம இருக்கணும்னா, நான் மேல காட்டறதுக்கு ஏதாவது வேணும்."

ஏதாவது என்றால் என்னவென்று அவரே சொன்னார். பசோலே கேமராவின் முன்னால் நின்று அரசத் தலைவரிடமும் பிசா மக்களிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிசா மக்கள் சார்பில் நான் பக்கத்தில் நின்று மன்னித்தோம் என்று சொல்ல வேண்டும்.

"மன்னிப்பா? முறைக்குள்ள மன்னிப்பு ஏதுப்பா? அது அந்நியங்கிட்ட கேக்கறது."

"அப்ப ரெண்டு நிமிஷம் அந்நியரா இருங்கம்மா," என்றார் கேப்டன்.

பசோலேயை அழைத்து வந்தார்கள். மூக்குக் கண்ணாடி இல்லை. தாடி வெள்ளையாக முளைத்திருந்தது, அவ்வளவு நரை அவனுக்கு இருக்கிறதென்று அன்றுதான் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கி அடையாளம் கண்டுகொண்டான்.

"கடலைக்காரி, உன்னயும் பிடிச்சுட்டாங்களா? கடல கெடைக்கும்னு சொல்லி ஏமாத்திட்டாங்களா?" என்றான். குரல் கம்மியிருந்தது. இவனை வடக்கே அனுப்பினால் கண்ணாடி இல்லாமல் தன் காலையே சுட்டுக்கொள்வான் என்று நினைத்தேன். என்ன சொல்லச் சொன்னாலும் சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு சிப்பாய் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தான். பசோலே எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தான். என் முறை வந்தது. "பிசா மக்கள் சார்பா, இந்த நாய்த்தல தின்னிய..." என்று தொடங்கிவிட்டேன். வேண்டுமென்று சொல்லவில்லை, அவனைப் பார்த்து வாயைத் திறந்தால் அதுதான் வரும். பசோலே களுக்கென்று சிரித்தான். சிப்பாயும் சிரித்துவிட்டான், கைப்பேசி ஆடியது.

"மறுபடியும்," என்றார் கேப்டன்.

இந்தத் தடவை பசோலேயால் முடியவில்லை. "பிசா மக்களிடம்" என்ற இடத்துக்கு வந்ததும் உதடு துடித்தது, தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து நீர் கொட்டக் கொட்டச் சிரித்தான். நானும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். கேப்டன் எழுந்து வந்தார். கோபப்படவில்லை. பசோலேயின் தோளில் கை போட்டு ஒரு ஓரமாக அழைத்துப் போய்க் காதருகில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பசோலே இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது அவன் முகத்தில் யாரும் இல்லை. ஒரு தடுமாற்றம் இல்லாமல் முழுவதையும் சொன்னான். நானும் சொன்னேன்.

"மன்னிச்சோம்."

அன்று மாலையே விட்டுவிட்டார்கள். பெலாஜி என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். வீடு வரும் வழியெல்லாம் நான் எதை எதையோ சொல்லி அவனை இழுத்துப் பார்த்தேன். தாடியைச் சொன்னேன், நாற்றத்தைச் சொன்னேன், பட்டாளத்தார் நாய்த்தலை போட்டு நன்றாகக் கவனித்தார்களா என்று கேட்டேன். "களைப்பா இருக்கு," என்று மட்டும் சொன்னான். சரி, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். பிசாக்களின் பெருந்தன்மை என்று புகழ்ந்தார்கள். தெருவில் சிலர் எனக்குக் கை கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் பசோலே கொட்டகைக்கு வந்தான். எனக்கு ஒரே குதூகலம். கரண்டியை நீட்டிக்கொண்டு, "வாடா அடிமப் பயலே, எத்தன நாளாச்சு உன் மூஞ்சியப் பாத்து!" என்று கத்தினேன். அவன் பெஞ்சுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்த்தான். பிறகு என்னிடம் திரும்பினான்.

"வணக்கம்மா. நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவன் அமைதியாகச் சாப்பிட்டான், நன்றி சொன்னான், போனான். நான் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தேன். எதைத் தொட்டாலும் கை தவறியது. எனக்கு வந்தது கோபம்தான், அவன்மேல். பிறகு கேப்டன்மேல், பிறகு படம் பிடித்தவன்மேல், பிறகு அன்றைக்குக் கை தட்டிய என் கைமேல். பழைய அதிபர் காலத்தில் என் தங்கையின் வீடு எரிந்தது. இவர்கள் காலத்தில் அவள் ஊரில் மிச்சமிருந்த வீடுகளும் எரிந்தன. அந்த ஆள் ஒன்றுக்கும் உதவாதவர், ஆனால் அவரைச் சொல்லிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்தோம். இதை வைத்துக்கொண்டு எது மேல் என்று எடைபோட எனக்குத் தெரியவில்லை. பசோலேயிடம் கேட்கலாம் என்றால், அவன் என்னை "அம்மா" என்கிறான்.

மழை தொடங்கும் சமயத்தில் இத்ரிசாவின் சாவுச் செய்தி வந்தது. எல்லைச் சாலையில் தொண்டர் படை வண்டியை ஆயுதக் கும்பல் மறித்துச் சுட்டுவிட்டது. அங்கேயே எல்லோரையும் சேர்த்துப் புதைத்தாகிவிட்டது. பெரிய வெற்றி என்றது வானொலி. எங்களுக்கு வந்தது ஒரு பையும் அந்தச் சிவப்புக் கம்பளித் தொப்பியும்தான்.

ரசினா அழவே இல்லை. முற்றத்தில் பாயின் மேல் கல்லாக உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் குரானிலிருந்து ஓதினார்கள், அவள் பிள்ளைகளின் தலையைத் தடவினார்கள், எதற்கும் அசையவில்லை. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பசோலே வருவான் என்று தெரியும். வந்து தொப்பியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, இத்ரிசா பயிற்சிக்கு முன்னாலேயே நெஞ்சை நிமிர்த்தி நடந்தானே, அந்த நடையை நடந்து காட்டினால் போதும். இவள் உடைந்து சிரிப்பாள், பிறகு அழுவாள், பிழைத்துக்கொள்வாள். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, புதுக் கண்ணாடி. முற்றத்தில் பேச்சு நின்றது. எங்கள் ஆட்கள் எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். வயதானவர் ஒருவர் அவனுக்கு நடக்க இடம் விட்டுத் தன் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

நானே எழுந்து போய்த் தொப்பியை அவன் கையில் வைத்தேன். "செய்டா," என்றேன் மெல்ல. "என் தங்கச்சிக்காக. கும்பிட்டுக் கேக்கறேன்."

அவன் தொப்பியைப் பார்த்தான். அதன் ஓரத்தை விரலால் தடவினான். ஒரு கணம், சத்தியமாக, அவன் கை தலைப்பக்கம் உயர்ந்தது. அப்போது எதிர் வரிசையில் யாரோ ஒருவர் நேரம் பார்க்கச் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். வேறொன்றும் இல்லை, நேரம் பார்க்கத்தான்.

பசோலேயின் கை இறங்கியது. தொப்பியை அழகாக மடித்து, இரண்டு கையாலும் ரசினாவிடம் நீட்டினான்.

"ஆழ்ந்த அனுதாபங்கள்மா," என்றான். "உங்க கணவர் நாட்டுக்காக உயிரக் கொடுத்தவர்."

சொல்லிவிட்டுப் போய், வெளியூரிலிருந்து வந்தவர்களின் வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். ரசினா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்பது போல. வெகு நேரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து அழத் தொடங்கினாள். எங்கள் குடும்பத்துச் சாவு ஒன்றில் முதல்முறையாக, நடுவில் ஒரு சிரிப்பும் இல்லாமல், நாங்கள் எல்லோரும் ஒழுங்காக அழுதோம்.